வழிவிடாத சரக்கு ரயில்

ரயில் நின்று ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. கோட் போட்ட அந்த மனிதர் மூன்றாவது முறையாகக் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஒன்பதரைக்கு நான் அங்க இருந்தாகணும். உன் பேர் என்ன, சொல்லு. புகார் எழுதறேன்!"

"பேரு செட்ரிக். சட்டையிலேயே இருக்கு, பார்த்து எழுதிக்குங்க சார். ஆனா முன்னால நிக்கிற சரக்கு ரயிலைப் பத்தியும் ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க. தண்டவாளமும் அவங்களுது, சிக்னலும் அவங்க கையில."

"அதை ஓரமா ஒதுங்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க ஒதுங்கறது? வண்டி ஒதுங்கி நிக்கிற லூப் லைன் நீளம் ஒரு மைல். ரயில் நீளம் மூணு மைல். ரெண்டு சரக்கு ரயில் கம்பெனிங்க ஒண்ணா சேர்ந்ததுல இருந்து, ரெண்டு மூணு ரயிலை ஒண்ணா மாட்டி இழுக்கறாங்க. அது ஒதுங்க முடியாது. அதனால நாம ஒதுங்கி நிக்கிறோம்."

ஒன்றரை வருடமாக இதே கூத்துதான். காலையில் சிகாகோவுக்கு வேலைக்குப் போகிற எண்ணூறு பேர் காத்துக் கிடக்க, சோளமும் காரும் ஏற்றிய வண்டி ஆடி அசைந்து போகிறது. சோளத்துக்கு அவசரம், மனிதனுக்கு அவசரமில்லை என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ!

எதிர் சீட்டில் இருந்த வாண்டாவுக்குப் பொறுக்கவில்லை. கோர்ட்டில் குமாஸ்தா. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஏன் சார் இந்தக் குதி குதிக்கிறீங்க? உங்களை மாதிரி ஆளுங்க லேட்டா போனா என்ன ஆகும்? காபி ஆறிப் போகும். இந்தப் பொண்ணைப் பாருங்க. மூச்சு விடாம உட்கார்ந்திருக்கா."

ஜன்னலோரம் இருந்த மாரிசோல் தலையைத் திருப்பினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவளுக்கும் ஒன்பதரைக்குத்தான் ஷிஃப்ட்.

"இந்த மாசம் ரெண்டு தடவை லேட். ரெண்டுக்கும் எழுத்துல எச்சரிக்கை கொடுத்துட்டாங்க" என்றாள். "மூணாவது தடவைன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. ரயில் லேட்டுன்னா நம்ப மாட்டேங்கறாங்க. தினமுமா லேட்டாகும்னு கேக்கறாங்க. தினமும்தானே ஆகுது!"

கோட் மனிதர் கொஞ்சம் தணிந்தார்.

"மன்னிச்சுக்கோம்மா. என் பேர் கார்ல்டன். அந்தச் சரக்குக் கம்பெனி இன்னொரு கம்பெனியையும் சேர்த்துக்க அனுமதி கேட்டிருக்கு. இன்னைக்கு ஏரிக்கரை ஓட்டல்ல பொது விசாரணை. நான் அங்க பேசணும்."

"எதைப் பத்தி?" என்றாள் வாண்டா.

"இந்த ரயிலைப் பத்திதான்."

பெட்டியில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்? வாயில வந்ததை எல்லாம் பேசிட்டேனே!" என்று வாண்டா தன் டப்பாவில் இருந்த டோனட்டை எடுத்து நீட்டினாள்.

"அந்த லூப் லைன் கணக்கைக் கட்டாயம் சொல்லுங்க சார்" என்றார் செட்ரிக். "ஒரு மைல், மூணு மைல். எழுதிக்குங்க."

கார்ல்டன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எந்த நாளில் எத்தனை நிமிடம் தாமதம் என்று மாரிசோல் தன் ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார். இத்தனை நாளில் அவர்கள் சொன்னதை யாராவது எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஒரு வழியாகச் சரக்கு ரயில் நகர்ந்தது. சிகாகோவில் இறங்கியபோது மணி ஒன்பது இருபது. வெளியே கொட்டுகிற மழை.

மாரிசோல் வரும்போதே டாக்சிக்குச் சொல்லி வைத்திருந்தாள். வாசலில் வந்து நின்றது. பக்கத்தில் கார்ல்டன் ஃபோனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அடுத்த டாக்சி வர இருபத்தைந்து நிமிடமாம். அவளுக்கு மேற்கே போக வேண்டும், அவருக்குக் கிழக்கே.

மாரிசோல் கதவைத் திறந்தாள். ஏறவில்லை.

"நீங்க ஏறுங்க சார்."

"ஐயோ, வேண்டாம்மா. உன் வேலை..."

"நான் லேட்டா போனா என் ஒருத்தி வேலைதான் போகும். நீங்க லேட்டா போனா, இந்த ரயில்ல வர்ற எல்லார் வேலையும் போகும். ஏறுங்க. நல்லா உறைக்கிற மாதிரி பேசுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். டாக்சி கிளம்பியது. அவள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

தெருமுனை திரும்புவதற்குள் கார்ல்டனின் ஃபோன் அடித்தது. ஓட்டலில் இருந்து அவருடைய உதவியாளர்.

"எங்க சார் இருக்கீங்க? அடுத்து நம்ம கம்பெனி தரப்புதான். நீங்கதான் முதல்ல பேசணும்."

"பதினஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்."

"அறிக்கை கையில இருக்கில்ல? 'இணைப்பால் பயணிகள் ரயிலுக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஏற்படாது'ங்கற பக்கத்தைத்தான் அழுத்திப் படிக்கணுமாம்."

"நான் எழுதினதுதானே. மனப்பாடம்."

"சரி சார். ஏன் லேட்டுன்னு விசாரணைக் குழு கேட்டா என்ன சொல்லட்டும்?"

கார்ல்டன் மடியில் இருந்த நோட்டை மூடினார்.

"ரோட்டுல டிராஃபிக்குன்னு சொல்லு."