புல்லில் கிடக்கும் கையுறை

ஏழாவது சுற்றில் ஸ்ட்ராபுக்கு மட்டை பிடிக்கும் முறை வந்தபோது மேனேஜர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு வேறொருவனை அனுப்பிவிட்டார். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே வந்தவன் மறுபடி இறங்க முடியாது. இந்தப் பென்சில்வேனியச் சுரங்க ஊருக்காகப் பதினோரு வருடம் சம்பளத்துக்கு ஆடி, இடது எல்லையைக் காத்தவன் இப்போது பெஞ்சில் இருக்கிறான். இதுதான் அவனுடைய கடைசி ஆட்டம்; நாளைக் காலை சொந்த ஊருக்கு ரயில். அவன் கையுறை மட்டும் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மட்டை பிடிக்க வரும்போது எல்லோரும் செய்வதுபோல அதைப் புல்லிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். சாய்ந்த வெயிலில் அது உள்ளங்கையை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்க, அவனுக்குப் பதிலாக இறங்கிய புதியவன் இப்போது பந்து பிடிக்க நாலடி தள்ளி நிற்கிறான். நிலக்கரிப் புகைக்கு மேலே ஒரு பந்து எழும்புகிறது. பெஞ்சில் ஸ்ட்ராபின் இடது கை தானாக விரிகிறது. புதியவன் பிடித்துவிடுகிறான், கூட்டம் கைதட்டுகிறது. ஸ்ட்ராப் விரிந்த கையை மெல்லத் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறான். பக்கத்தில் ஓரின் என்ற மாற்று ஆட்டக்காரன் புகையிலையைத் துப்புகிறான். “அவன் திரும்பி வர்றப்போ உன் கையுறையையும் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா, கெழவா?” “சொல்லாதடா, கெடக்கட்டும்,” என்கிறான் ஸ்ட்ராப், அதிலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்க இன்னொரு தடவ நடந்து போக எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு.”