ஏரிக்கரையில் ரெண்டரை மணி

மூன்று மலைகளுக்கு நடுவே ஏரி கறுத்துக் கிடக்கிறது. அதன் ஆழம் எவனுக்கும் தெரியாது என்று ஜீப் ஓட்டுநர் அய்யாத்துரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஜுஹைனா பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறாள். மிளகாய் பஜ்ஜி சாரலில் நமுத்துப்போகிறது. அவள் கணவன் முஃபீத் உட்காரவே இல்லை. சிக்னல் தேடி செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி கரையில் இங்கும் அங்கும் நடக்கிறான். நாளை மறுநாள் அவனுக்கு துபாய் விமானம். நாற்பது நாள் லீவில் இருவரும் தனியாக வந்தது இங்கே மட்டும்தான். மேகம் இறங்கி எதிர்மலையை விழுங்குகிறது. "மழை வலுக்குது பாய், எறங்கிருவமா?" என்கிறார் அய்யாத்துரை. முஃபீத் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். "ரெண்டரைதான அண்ணாச்சி ஆவுது?" "மணி நாலு பாய்." ஜுஹைனா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். முள் துபாய் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வந்த அன்றைக்கே மாற்றச் சொல்லியிருந்தாள். இப்போது அவளே சாவியைத் திருகப்போக, அவன் கையை மெல்ல இழுத்துக்கொள்கிறான். "விடு ஜுஹைனா. அங்கன போனதும் திரும்ப மாத்தணும்லா."