தற்காலிகமா, நிரந்தரமா?

“பழைய விபிஎன்னை முழுசா எடுத்துட்டீங்களா மேடம்? அது மேலேயே புதுசைப் போட்டா ரெண்டும் மல்லுக்கு நிக்கும்.”

“எடுத்துட்டேன்,” என்றது மறுமுனைக் குரல்.

பேசியவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். இனி கொஞ்ச காலம் வெளியிடத்திலிருந்துதான் வேலை பார்க்கப் போகிறாராம். அங்கிருந்து அலுவலகக் கோப்புகளைத் திறக்க வேண்டுமானால் அவருடைய லேப்டாப்பில் விபிஎன் என்கிற பாதுகாப்பு இணைப்பைப் புதிதாகப் போட வேண்டும். அதைப் போனிலேயே சொல்லிக் கொடுத்துப் போட வைப்பது, அதே அலுவலகத்தின் கணினி உதவி மையத்தில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய வேலை.

வேலையில் அவனுக்கு நல்ல பெயர்தான், பொறுமையில்தான் இல்லை. முதல் தடவை சொன்னது புரியாவிட்டால் இரண்டாம் தடவை குரல் ஏறிவிடும். போன வாரம் ஒரு கிளை மேலாளரிடமே எரிந்து விழுந்துவிட்டான். அதனால் இன்று சூப்பர்வைசர் அம்மாள் பக்கத்து நாற்காலியில் ஹெட்போனும் காதுமாக உட்கார்ந்து, அவனுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் கூடவே கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அழைப்பு அவனைச் சோதிப்பதற்கென்றே வந்த மாதிரி இருந்தது. சர்வர் முகவரியில் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண் கமா வைத்தார். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்துக் கணக்கைப் பூட்டிக்கொண்டார். அவன் திறந்துவிட்டான். செல்போனுக்கு வந்த ஓடிபி எண்ணை அவர் நிதானமாகப் பார்த்து அடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. அவசரமே இல்லை என்று சொல்லி அவன் இன்னொன்று அனுப்பினான். சூப்பர்வைசர் புருவத்தை உயர்த்தினார்.

“எனக்கு இதெல்லாம் சட்டுனு வராது. கோபப்படாதீங்க.”

“கோபம் எதுக்குங்க? நான் சொன்ன விதம்தான் சரியில்ல.”

ஒருவழியாக, இணைப்பு கிடைத்ததற்கு அடையாளமாகத் திரையில் பச்சைப் புள்ளி வந்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னார். இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. வெளியிட இணைப்பு என்றால் அது தற்காலிகமா, நிரந்தரமா என்று பதிந்தாக வேண்டும். அதை மட்டும் அவன் சூப்பர்வைசர் பக்கம் திரும்பாமல் திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

லைன் போய்விட்டதோ என்று சூப்பர்வைசர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்.

“தற்காலிகம்னே போடுங்க.”

“எத்தனை நாளைக்குன்னு...”

“அது உங்க பக்கம் எவ்வளவு சீக்கிரம் சரியாகுதுங்கறதைப் பொறுத்தது.”

“கோளாறு எங்க பக்கம்தாங்க. இன்னைக்குச் சாயங்காலமே வந்து சரி பண்ணிடறேன்.”

“சரி,” என்றுவிட்டு அவர் போனை வைத்தார்.

சூப்பர்வைசர் ஹெட்போனைக் கழற்றினார். போன வாரம் எரிந்து விழுந்த ஆள்தானா இது என்று அவருக்கு நம்பவே முடியவில்லை. மனசாரப் பாராட்டினார். பிறகு தன் வீட்டு நினைப்பு வந்தது போலிருக்கிறது.

“இந்தப் பொறுமையில பாதி எங்க வீட்டுக்காரருக்கு இருந்தா போதும். உங்க வீட்டம்மா கொடுத்து வெச்சவங்க,” என்றார்.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

“இதுல பாதியை வீட்ல காட்டியிருந்தா, அவ அம்மா வீட்ல இருந்து வேலை பார்க்க விபிஎன் கேட்டு இப்போ எனக்குப் போன் பண்ணியிருக்க மாட்டா மேடம்.”