தொண்டைக்குழி

குழாய்த் தண்ணீரில் ஆலைக்கழிவு கலக்கவேயில்லை என்று நேற்று அறிக்கை விட்ட கலெக்டர், இன்று கேமராக்களின் முன்னால் அந்தத் தெருச் சீனியம்மாள் குழாயில் பிடித்து நீட்டிய செம்பை வாங்கினார். முன்பு வந்த அமைச்சர் உதட்டை வைத்து எடுத்தாரே தவிர, செம்பில் தண்ணீர் குறையவில்லை. இவர் அண்ணாந்தார். தெருவே அவர் தொண்டைக்குழியைப் பார்த்தது. செம்பு சரிந்தது; தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றது. அவர் கையை இறக்கினார்.

"நேத்து நான் சொன்னது தப்பு."

கோயில் வாசல் கல்யானை துதிக்கையை அசைத்ததுபோல் சீனியம்மாளுக்கு மெய்சிலிர்த்தது. அவள் செம்பை வாங்கித் தெருவில் கவிழ்த்தாள். உள்ளே போய், பிள்ளைகளுக்கென்று மூடி வைத்திருந்த கேன் தண்ணீரை நிறைத்துக்கொண்டு வந்தாள்.

"இதக் குடிங்கய்யா. நாக்கு வறண்டிருக்கும்."

அவர் அண்ணாந்து குடித்தார். இந்த முறை தொண்டைக்குழியை யாரும் பார்க்கவில்லை.