டால்வா சொன்ன விலை

“முன்னூத்தம்பது டாலர். ஒரு தடவைக்கு” என்றாள் டால்வா, கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்தில் நின்ற ஜுரேமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை. நாய் இல்லை, பூனை இல்லை, சுவரில் கிறுக்கக் குழந்தையும் இல்லை. இந்த அமெரிக்க ஊரில், ஃபிரேமிங்ஹாமில், வீடு துடைக்க இவர்களைப் போன்ற எந்தப் பிரேசில்காரியைக் கூப்பிட்டாலும் நூற்றெண்பதுக்கு வந்து பளிச்சென்று துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

நாத்தனாரின் பேராசை ஜுரேமாவுக்குப் புதிதில்லை. விலை சொல்லப் போகிற இடத்தில் அடுப்பைத் திறந்து பார்ப்பாள், கட்டிலுக்கடியில் குனிவாள், ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டுவாள். தூசியைக்கூட எடை போட்டு விற்கிறவள். இருந்தாலும் இன்றைக்குமா? வியாழக்கிழமைகளில் வேலையே இல்லை. வேன் தவணை இரண்டு மாதமாக நிற்கிறது. இந்த வீட்டை விட்டுவிடாதீர்கள் என்று வரும் வழியெல்லாம் ஜுரேமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கார மிசஸ் பிரிட்சர்ட் மூக்கால் சிரித்தாள். இருவரையும் உட்காரச் சொல்ல அவளுக்கு இன்னும் தோன்றவில்லை.

“விலை கேட்டு நான் கூப்பிட்டதுல நீங்க நாலாவது ஆளு. சொல்லிவெச்ச மாதிரி எல்லாரும் அதே விலை. இதுக்கு எங்க நெய்ஜியே தேவலை. நூத்தறுபதுக்குச் செய்யறா. குழந்தை பெத்திருக்கா, ரெண்டு மாசம் வரமுடியாதாம். அதுவரைக்கும் யார் காத்துட்டிருப்பா, ஆளை மாத்திடலாம்னு பார்த்தேன். உங்களையெல்லாம் பார்த்தப்புறம் காத்துட்டிருக்கறதே லாபம்னு தெரியுது.”

அவ்வளவு கருணையும் கணக்கில் பிறந்தது. சொல்லிவிட்டு, கதவையும் அவளே திறந்துவிட்டாள்.

நெய்ஜி யாரென்று ஜுரேமாவுக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமைகள் காலியானதே அவளால்தான். டால்வா துடைத்துக்கொண்டிருந்த இரண்டு வீடுகளில் இருபது இருபது டாலர் குறைத்துச் சொல்லி உள்ளே நுழைந்தவள். அன்றிலிருந்து சர்ச்சில்கூட அவளுக்கும் டால்வாவுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

வேனில் ஏறியதுமே ஜுரேமா ஆரம்பித்துவிட்டாள். கடவுளே பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம், அதையும் பேராசையில் கெடுத்தாயிற்று, இனி வேனை எடுத்துக்கொண்டு போக ஆள் வரும், அப்போது வாளியும் துடைப்பமுமாக பஸ்ஸில் போகலாம் என்று பொரிந்து தள்ளினாள். டால்வா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

“காதுல விழுதா அண்ணி? நூத்தம்பதுன்னு ஒரு வார்த்தை. வீடு நம்மளுது. அந்தத் திருடிக்கும் புத்தி வந்திருக்கும்.”

“விழுது.”

“முன்னாடி வந்த மூணு பேருக்குத்தான் மூளை கிடையாது. உங்களுக்கு எங்க போச்சு?”

“அவங்களை ஒண்ணும் சொல்லாதே.” டால்வா கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, வேனை மெதுவாகத் தெருவுக்கு இறக்கினாள். “இந்தம்மா யார் யாரைக் கூப்பிட்டிருக்கான்னு விசாரிச்சு, வீடு வீடாப் போய், பச்சை உடம்புக்காரி பொழைப்புல கை வெச்சுடாதீங்கடி, முன்னூத்தம்பதுக்குக் கீழ சொல்லாதீங்கன்னு கெஞ்சிட்டு வந்ததே நான்தான்.”