கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது

லோகாம்பாள் மாமி இப்படிக் காலை வாருவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

மட்டாஞ்சேரி பஜாரில், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில்தான் எங்கள் அரசு மருந்து டிப்போ. மாமி ஸ்டோர் கீப்பர். நான் குமாஸ்தா, போதாததற்கு யூனியன் காரியதரிசி. 1986-ல் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று கேட்டதும், பாதிப் பேருக்கு வேலை போகும் என்று நான் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். மாமி என்னடாவென்றால், அதற்குத் திட்டம் போட வந்த ஆபீசர் வெங்கடேஸ்வரனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து உபசாரம் செய்கிறாள்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்து எத்தனைன்னு இனிமே கம்ப்யூட்டரே சொல்லிடும்," என்றார் ஆபீசர்.

"அனுப்பறதுக்கு மருந்து வேண்டாமா சார்?" மாமி ஒரு பாக்கெட்டை மேஜைமேல் போட்டாள். டக்கென்று விழுந்தது. "பேதிக்குக் கலக்கிக் குடுக்கற பவுடர். ஈரத்திலே கல்லாயிடுத்து. போன மழையிலே இடக்கொச்சிக் குழந்தைகளுக்கு அனுப்ப நல்லதா ஒண்ணுகூட இல்லை. கண்ணுக்குப் போடற களிம்பு எண்ணெயா ஓடறது. ஏ.சி. ரூம் கேட்டு ஏழு வருஷமா எழுதறேன்."

"மருந்துக்கு ஏ.சி. குடுக்க ரூல் இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் உண்டு. அதுக்குச் சூடு ஆகாது, ஈரம் ஆகாது, தூசி ஆகாது."

"பாவம்," என்றாள் மாமி. "எத்தனை பெரிய ரூம் வேணும் அதுக்கு?"

"பத்துக்குப் பத்து போதும்."

"நெருக்கமா இருக்குமே சார். இருபதுக்கு முப்பதுன்னு எழுதிக்கோங்கோ."

ஆபீசர் மூக்குக்கண்ணாடி வழியாக மாமியை ஒரு பார்வை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் கேட்டுவிட்டேன். "எந்தா மாமி இது? நம்ம வயித்துல அடிக்கற மெஷினுக்கு நீங்களே மாளிகை கட்டிக் குடுக்கறேளா?"

"நீ உன் போஸ்டரை ஒட்டு ராமபத்ரா. நான் தடுத்தேனா?"

ஆறே மாதத்தில் ரூம் தயார். இரண்டு ஏ.சி. சாவி மாமியின் இடுப்பில். வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று போர்டு. என்னைக்கூட உள்ளே விடவில்லை. பின்னாலேயே கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. நாங்கள் முப்பது பேர் ரோட்டில் படுத்துத் திருப்பி அனுப்பினோம். மாமியின் முகம் வாடும் என்று பார்த்தேன். அவள் பாட்டுக்குச் சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மழையில் ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கூடவே நுழைந்தேன்.

உள்ளே ஜில்லென்று இருந்தது. தரையிலிருந்து உத்தரம்வரை மருந்துப் பெட்டிகள். பவுடர், களிம்பு, மாத்திரை. ஒரு ஸ்டூல் போடக்கூட இடமில்லை.

"கம்ப்யூட்டர் ரூம்?" என்றார் ஆபீசர்.

"இதுதான் சார்." மாமி இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அது வர்ற வரைக்கும் ரூம் சும்மாக் கிடக்க வேண்டாமேன்னு..."

மாட்டிக்கொண்டாள் மாமி. சஸ்பென்ஷன் நிச்சயம். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷி. இவளைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

ஆபீசர் ஒரு பாக்கெட்டை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே பவுடர் சலசலத்தது. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லாரியைத் தடுத்தது நீர்தானே?"

"ஆமாம் சார்."

"வர்ற பத்தாம் தேதி மறுபடியும் அனுப்பறா," என்றார். "நாப்பது பேராவது படுங்கோ."