சிவப்பு நூல் கோத்த ஊசி

மார்பில் வரும் கட்டியை முளையிலேயே கண்டுபிடிப்பதற்கென்று பத்து விரல்களைப் படைத்த இயற்கை, அந்தப் பத்தையும் ஒரே மனிதரிடம் ஒப்படைத்துவிட்டது. ‘விரல் டாக்டர்’ என்று ஊரே அழைக்கும் அந்த மனிதரின் அறைச் சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரம் அப்படித்தான் சொன்னது. அதை எழுதிக் கொடுத்தவரே டாக்டர்தான் என்பது நர்ஸுக்கு மட்டும் தெரியும்.

தையல்காரி கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். கடையிலிருந்து நேரே ஓடி வந்தவள். கழற்றிச் சுருட்டி ஸ்டூலில் வைத்திருந்த சட்டையின் காலரில், சிவப்பு நூல் கோத்த ஊசி இன்னும் குத்தியபடியே இருந்தது.

“இடது பக்கம், அக்குளை ஒட்டி டாக்டர். லைனிங்குக்குள்ள நூல் முடிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி. மிளகளவுதான்.”

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். சுருதி பிடிக்கும் வித்வானைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல.”

“நல்லாத் தட்டுப்படுதே டாக்டர். இன்னும் கொஞ்சம் மேல…”

“ஏம்மா, பட்டனுக்குக் காஜா எடுக்கறது எப்படின்னு நான் உனக்குச் சொல்லித் தர்றேனா?”

கண்ணை மூடித் தடவியே துணியின் ரகத்தைச் சொல்லிவிடுகிற கை அவளுடையது. இங்கே அது செல்லாக் கை. அக்காவுக்கும் இப்படி மிளகளவில்தான் தொடங்கியது. அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது.

டாக்டர் கை கழுவி வந்தார். நர்ஸ் துண்டில் சுற்றி டீ டம்ளரைக் கொண்டுவந்தாள். “கொதிக்குது சார், பாத்து.” அவர் துண்டை விலக்கிவிட்டு, டம்ளரை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து நிதானமாக உறிஞ்சினார்.

“ஒரு ஸ்கேன் எழுதிக் குடுத்தீங்கன்னா மனசு ஆறும் டாக்டர்.”

“மெஷினுக்கு என்னம்மா தெரியும்? அதுக்கு விரல் இருக்கா?”

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப் போனாள்.

டாக்டர் ஸ்டூலிலிருந்த சட்டையை இடது கையால் அள்ளி அவளிடம் நீட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கையை மேசை விளிம்பில் ஊன்றியபடி சத்து மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

சட்டையை மாட்டிக்கொண்ட தையல்காரியின் கை, பழக்கத்தில் காலரைத் தடவியது. ஊசியைக் காணோம்.

“கீழ விழுந்திருக்கும், யார் கால்லயாவது ஏறிடப் போகுது” என்று நர்ஸ் குனிந்து தரையைத் துழாவினாள்.

அப்போதுதான் தையல்காரி அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தாள். டாக்டரின் இடது கையிலிருந்து அது தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுத எழுத, லேசாக ஆடியது.

“டாக்டர்… ஊசி உங்க விரல்ல ஏறியிருக்கு.”

டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“எந்த விரல்ல?”